கதிரியக்க அயோடின்: சொல் விளக்கம்

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை முடிந்தபின் ‘ரேடியோ அயோடின்’ எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், வீட்டில் பலர் அதைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்றே புரிந்துகொண்டு பயப்படுகிறார்கள். கரண்ட் வைப்பது என்பது வெளியே இருக்கும் இயந்திரம் உடலுக்குள் கதிரைப் பாய்ச்சுவது. இதுவோ மாத்திரையாகவோ நீர்மமாகவோ விழுங்கும் மருந்து. உள்ளே போய் அதுவே கதிரை வெளியிடும்.

ஆகவே ‘கதிர்வீச்சு அயோடின்’ என்று எழுதுவது பொருந்தாது. வெளிப்படும் கதிர்தான் கதிர்வீச்சு. அணுக்கரு தானாகச் சிதைந்து அதை வெளிவிடும் இயல்பு கதிரியக்கம். 1898இல் கியூரி இணையர், கதிரைக் குறிக்கும் ‘ராடியஸ்’ என்ற இலத்தீன் சொல்லை வேராகக் கொண்டு இதற்கு ‘ரேடியோஆக்டிவிட்டி’ என்று பொருள்படப் பெயரிட்டார்கள். இலங்கைத் தமிழில் இது ‘கதிர்த்தொழிற்பாடு’.

அயோடினை 1811இல் பிரான்சில் பெர்னார் குர்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து கண்டறிந்தார். அதன் ஆவி ஊதா நிறம். பெயரும் அந்நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே வந்தது. உப்புப் பாக்கெட்டு வழியாக எல்லோருக்கும் பழகிய ‘அயோடின்’ அப்படியே இருக்கட்டும் என்பது என் கருத்து. தைராய்டு அப்படியல்ல. அதன் கிரேக்க வேர் கேடயத்தைக் குறிப்பது. ‘கேடயச் சுரப்பி’ அழகான, சரியான தமிழ்.

இந்த மருந்தை ‘அயோடின் 131’ என்பார்கள். பெயரோடு வரும் 131 அணுவின் நிறை எண். இயல்பான அயோடின் 127. எடை வேறானாலும் தனிம அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே இடம். அதனால்தான் ஐசோடோப்பைத் தமிழில் ‘ஓரிடத்தான்’ என்கிறோம்.

இந்த ஒரே இடம்தான் சிகிச்சையின் உயிர்நாடி. ஹார்மோன் செய்வதற்காக அயோடினை இழுத்துக்கொள்ளும் தைராய்டு செல்லுக்கு 127, 131 வேறுபாடு தெரியாது. அதிலிருந்து பிறந்த புற்றுசெல், நுரையீரலுக்கோ எலும்புக்கோ போய்விட்டாலும், பெரும்பாலும் அந்த இயல்பை விடுவதில்லை. 1940களில் நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில், தைராய்டை முழுதும் எடுத்தபின்னும் ஒரு நோயாளிக்கு அந்த ஹார்மோன் மிகையாகச் சுரந்தது. பரவிய புற்றுக்கட்டிகளே அதைச் சுரந்தன! சாமுவேல் சைட்லின் குழு கதிரியக்க அயோடின் கொடுத்தது. கட்டிகள் அதை ஏற்றன. 1946இல் இந்த முடிவை ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

அயோடின் 131 விடும் பீட்டா கதிர் இரண்டு மில்லிமீட்டர் அளவே பாய்ந்து அங்குள்ள செல்லை அழிக்கும். காமா கதிர் உடலைத் தாண்டி வெளியே வரும். கேமராவில் புற்று இருக்கும் இடம் தெரியும். நோயறிதலும் சிகிச்சையும் ஒரே பொருளில். படம் மட்டும் போதுமென்றால் பீட்டா இல்லாத அயோடின் 123 உண்டு. 131இன் அரைவாழ்வு, அதாவது பாதி அளவு சிதைந்துபோக ஆகும் காலம், எட்டு நாள். சிகிச்சை அளவில் எடுத்தவர் சில நாள் தனியறையில் இருப்பது, சுற்றியிருப்போர்மேல் காமா படாமலிருக்க. சிகிச்சைக்கு முன் அயோடின் உப்பையும் கடல்மீனையும் விலக்கச் சொல்வது, செல்கள் 131ஐ ஆவலோடு ஏற்கட்டும் என்பதற்காக.

தைராய்டு புற்றுநோயில் பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளுக்கே இது பயன்படும். மெடுல்லரி வகை, அயோடினை ஏற்காத வேறு செல்களிலிருந்து பிறப்பது. அதற்கு இந்த மருந்து உதவாது.