சொல் விளக்கம்: உறழ்நிலையும் உச்சநிலையும்

ஆங்கிலத்தில் 'பிக்' என்ற பெயரடை, இரண்டை ஒப்பிடும்போது 'பிக்கர்' என்றும், பலவற்றுள் ஒன்றை முதலிடத்தில் நிறுத்தும்போது 'பிக்கஸ்ட்' என்றும் உருமாறுகிறது. முன்னதை 'கம்பாரட்டிவ்' என்பர். பின்னதை 'சூப்பர்லேட்டிவ்' என்பர்.

இரண்டு பெயர்களும் இலத்தீன் வழி வந்தவை. முதற்சொல்லில் 'உடன்' என்ற பொருளுள்ள முன்னொட்டும் 'சமம்' என்ற பொருளுள்ள 'பார்' என்ற வேரும் இருக்கின்றன. மற்றதன் நேர்பொருள் 'மேலே கொண்டு செல்லப்பட்டது' என்பதாகும்.

தமிழில் இவற்றை ஒப்புநிலை, உயர்வுநிலை என்று சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு இவ்விரண்டிலும் நிறைவில்லை. ஒப்பு என்றால் நமக்கு நிகர் என்றே பொருள்படுகிறது. 'பிக்கர்' காட்டுவதோ வேறுபாட்டை. ஆகச் சிறியதைக் குறிக்கும் 'ஸ்மாலஸ்ட்' என்பதையும் உயர்வு என்றால் பிள்ளைகள் குழம்புவார்கள். அதை 'உயர்நிலை' என்று சுருக்கினாலோ, சிங்கப்பூரில் அது தொடக்கநிலைக்கு அடுத்த பள்ளிப் படிப்பைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது.

தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமையின் பொருளை 'இதனின் இற்றிது' என்று வகுக்கிறது. இதைக் காட்டிலும் இது இத்தன்மையது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இந்த ஒப்பீட்டை இரண்டாகப் பிரித்து, நிகர் என்று காட்டுவதை உவமப்பொரு என்றும், மிகுதி குறைவைக் காட்டுவதை உறழ்பொரு என்றும் பெயரிட்டார்கள். 'கம்பாரட்டிவ்' செய்யும் வேலை துல்லியமாக இந்த உறழ்ச்சியே ஆதலால், அதனை உறழ்நிலை என்பதே தகும். மற்றதை உச்சநிலை எனலாம். சிறுமைக்கும் ஓர் உச்சம் உண்டல்லவா?

பெயரைவிட முக்கியமானது அமைப்பு. 'ஞாலத்தின் மாணப் பெரிது' என்று குறள் சொல்லும்போது, 'பெரிது' உருமாறவில்லை. ஒப்பீட்டின் அடையாளம் 'ஞாலத்தின்' என்ற சொல்லின் ஈற்றில்தான் இருக்கிறது. இன்றைய 'விட' என்பதும் அவ்வாறே. 'விடு' என்ற வினையிலிருந்து வந்த அச்சொல், 'ஃபேபர் மலையைவிட புக்கிட் தீமா உயரமானது' என்னும்போது ஃபேபர் மலையோடுதான் ஒட்டுகிறது. ஆங்கிலம் பெயரடையை மாற்றுகிறது. தமிழ் ஒப்பிடப்படும் பொருளின் மீது உருபை ஏற்றுகிறது. இதை முதலிலேயே விளக்கிவிட்டால், 'இன்னும் பெரிய' என்ற நினைப்பில் 'மோர் பிக்கர்' என்று எழுதும் பிழையைத் திருத்துவது எளிதாகும்.

உச்சநிலைக்குக் குறள் 'செல்வத்துள் எல்லாம் தலை' என்ற நடையைக் கையாண்டது. இன்று பலரும் 'மிகப் பெரிய' என்று எழுதுகிறார்கள். ஆனால் அது 'வெரி பிக்' என்பதற்கும் பொருந்துவதால், எழுதியவர் எதைச் சொல்கிறார் என்பது தெளிவாவதில்லை. இந்த இடத்தில் சிங்கப்பூர்த் தமிழ் பெரிதும் பாராட்டத்தக்கது. இங்குள்ள செய்திகளில் 'ஆக' என்ற சொல் உச்சநிலைக்கென்றே நிலைபெற்றிருக்கிறது. 163 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான புக்கிட் தீமா, உலகக் கணக்கில் மிக உயரமான குன்று அன்று. ஆனால் சிங்கப்பூரின் ஆக உயரமான குன்று அதுதான். இதனை வட்டார வழக்கு என்று ஒதுக்காமல், ஆகப் பெரிய, ஆகச் சிறிய, ஆகக் குறைந்த என வல்லினம் மிகுத்து, மாணவர்கள் கட்டுரைகளிலும் துணிந்து எழுதலாம்.