நவோதயாவுக்கு விண்ணப்பிக்கும் முன்: காரைக்கால் பக்கத்துப் பெற்றோருக்கு

பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும், காரைக்காலிலிருந்தும் அதை ஒட்டிய தரங்கம்பாடி, நாகூர் பக்கத்து ஊர்களிலிருந்தும் பெற்றோர் பலர் என்னிடம் வருகிறார்கள். பிள்ளை கெட்டிக்காரன் என்று ஆசிரியர்களே சொல்கிறார்கள், நவோதயா என்ற மத்திய அரசு விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போகிறோம், ஐக்யூ பார்த்துச் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். குழந்தை உளவியலாளராக நான் அவர்களுக்கு முதலில் சொல்வது, அந்தச் சான்றிதழை அங்கே யாரும் கேட்பதில்லை என்பதுதான். சேர்க்கை முழுவதும் ஒரே நுழைவுத் தேர்வை வைத்து நடக்கிறது. அறிவுத்திறன் சோதனையில் வரும் எண்ணும், அன்றைய உடல்நிலை, பதற்றம், பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்துச் சில புள்ளிகள் ஏறக்கூடியது, இறங்கக்கூடியது. அதற்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் விதிமுறைகளைப் படிப்பதில் செலவிடுவது பிள்ளைக்குப் பயன்படும்.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, கிராமப்புறத்துத் திறமையான பிள்ளைகளுக்காக ஏற்படுத்தப்பட்டவை ஜவகர் நவோதயா வித்யாலயங்கள். தமிழ்நாட்டில் அவை இல்லை. டெல்டாவில் நமக்கு அருகில் இருப்பது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்துப் பள்ளி. அந்தந்த மாவட்டத்தில் குடியிருந்து, அங்கேயே ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள்தான் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க முடியும். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். பள்ளிக்கு எவ்வளவு பக்கத்தில் வீடு இருந்தாலும் நாகூர்ப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

இதைத் தெரிந்துகொண்ட சில பெற்றோர் எடுக்கும் முடிவுதான் எனக்குக் கவலை தருகிறது. மயிலாடுதுறை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்த ஒரு சிறுமியை, காரைக்கால் நகரத்தில் உள்ள அத்தை வீட்டில் விட்டு, அங்கிருந்த தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். பெற்றோரின் குடியிருப்புச் சான்று ஊரில் இருக்க, பிள்ளை மட்டும் இடம் மாறியதால் விண்ணப்பமே சிக்கலானது. அதற்கு மேல் இன்னொன்றையும் அவர்கள் கவனிக்கவில்லை. குறைந்தது 75 சதவீத இடங்கள் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு உரியவை. ஆனால் மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளையும் கிராமப்புறப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும், அந்த ஆண்டுகளில் ஒரு நாள் நகரப் பள்ளியில் படித்திருந்தாலும் நகர்ப்புற விண்ணப்பதாரராகவே கொள்ளப்படுவார். நல்ல பள்ளி என்று நகரத்துக்கு மாற்றியதே அந்தச் சிறுமிக்கு இருந்த வாய்ப்பைக் குறைத்துவிட்டது.

அந்தச் சிறுமியிடம் பேசியபோது படிப்பைப் பற்றி அவளுக்குக் குறையே இல்லை. "அம்மா வந்தாத்தான் தலை பின்னிக்கிறேன்" என்றாள். மற்ற நாட்களில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறாள், அத்தையிடம் கேட்கக் கூச்சம். நவோதயா முழுக்க விடுதிப் பள்ளி என்பதால், தன் துணியைத் துவைத்துக்கொள்வது, காய்ச்சல் அடித்தால் ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்வது, தெரியாத இடத்தில் தூங்குவது ஆகியவை பிள்ளைக்கு வருமா என்று பார்ப்பதை நான் பாடத்துக்கு முன்னால் வைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பகுதி மாணவர்களை ஓர் ஆண்டுக்கு வேறு மொழி பேசும் மாநிலத்துப் பள்ளிக்கு அனுப்பும் திட்டமும் நவோதயாவில் உண்டு. அதைப் பற்றிப் பள்ளியிலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

தேர்வு இரண்டு மணி நேரம், 80 கேள்விகள், 100 மதிப்பெண். தமிழிலேயே எழுதலாம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பாதி மதிப்பெண் மனத்திறன் பகுதிக்கு. அதில் எழுத்தே இல்லை, எல்லாம் படங்கள்தான். காகிதத்தை மடித்துத் துளையிட்டுப் பிரித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு வகைக் கேள்வி வரும். இதற்கு மாதக் கணக்கில் பயிற்சி வகுப்பு தேவையில்லை, பழைய நோட்டுத் தாளை மடித்துப் பென்சில் முனையால் குத்தி, பிரிப்பதற்கு முன் பிள்ளையைச் சொல்லச் சொன்னால் போதும். விடைத்தாளில் வட்டத்தை நிரப்பவும் வீட்டிலேயே பழக்க வேண்டும். ஒரு வரிசை தவறினால் அடுத்தடுத்த விடைகளும் தவறிப் போகும்.

மொழிப் பகுதியில் நான்கு உரைப்பத்திகள், ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்விகள். படக் கேள்விகளை வெகு வேகமாகப் போடும் சில பிள்ளைகள் இங்கே வந்து நின்றுவிடுகிறார்கள். சத்தமாக வாசிக்கச் சொன்னால், ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டி, வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துபோகிறார்கள். வீட்டில் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள், அது தவறு. அறிவுத்திறன் சோதனையும் வாசிப்புச் சோதனையும் உண்மையில் தேவைப்படுவது இத்தகைய பிள்ளைகளுக்குத்தான். இத்தகைய வாசிப்புச் சிரமம் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (Specific Learning Disability) என்ற நிலையாக இருக்கலாம், அது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் உள்ளது. நவோதயா சேர்ந்தாலும் சேராவிட்டாலும், பள்ளியில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவி இந்த மதிப்பீட்டிலிருந்துதான் தொடங்கும்.

ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஒரு பிள்ளை ஒரு முறைதான் எழுத முடியும், ஒரு பள்ளியில் அதிகபட்சம் 80 இடங்கள்தான். ஆகவே கிடைக்காமல் போகும் பிள்ளைகளே மிகுதி என்பதைத் தேர்வுக்கு முன்பே, பத்து வயதுக் குழந்தைக்குப் புரியும்படி, அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே சொல்லிவிட வேண்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்கள், எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும், பிள்ளையும் வீட்டிலிருந்தே படிக்கலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே இது உண்டு. நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஏழாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.