வானில் இடைவெளி குறையும்போது

குமரி மாவட்டத்துக்கென்று விமான நிலையம் இல்லை. ஆனாலும் வளைகுடாவில் ஒருவராவது வேலை பார்க்காத தெரு இங்கே அரிது என்பதால், திருவனந்தபுரம் விமான நிலையம் நம் மக்களுக்குப் பழகிப்போன இடம். வானில் இரண்டு விமானங்கள் நூலிழையில் தப்பியதாகச் செய்தி வரும்போதெல்லாம், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நாகர்கோவிலில் தெரிந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அந்த கன்ட்ரோலர் உறங்கிப் போயிட்டானா சார்?" என்பதுதான். பெரும்பாலும் அவர் நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். பிழை எங்கே நுழைகிறது என்பதைப் பொதுமக்களும் அறிந்திருப்பது நல்லது.

ரேடார் கண்காணிப்பில் நெடுவழியில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு இடையே பக்கவாட்டில் பொதுவாக 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல், இருக்க வேண்டும்; அல்லது உயரத்தில் 1,000 அடி வேறுபாடு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இரண்டும் ஒருசேரக் குறைந்தால் அது இடைவெளி மீறல். ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்லும் விமானங்களுக்கு இடையே 4 கடல் மைல் இருந்தாலும் பதிவேட்டில் அது மீறல்தான். நேருக்கு நேர் வருகிறவற்றுக்கும் அதே பெயர்தான். செய்தியில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு கிடைப்பதில்தான் எனக்கு வருத்தம். அதற்காக அந்த 5 மைலை அலட்சியமாக எண்ணிவிடவும் கூடாது. மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்கள் நிமிடத்துக்கு 16 கடல் மைல் நெருங்குகின்றன. 5 மைல் 19 வினாடிக்குள் தீர்ந்துவிடும். உத்தரவைச் சொல்லி, விமானி அதைத் திருப்பிச் சொல்லி, விமானம் திரும்பத் தொடங்குவதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும்.

அந்தத் திருப்பிச் சொல்லுதலைத்தான் நாங்கள் ரீட்பேக் என்போம். 31,000 அடிக்கு ஏறச் சொல்கிறோம். விமானி 33,000 என்று தெளிவாகவே திருப்பிச் சொல்கிறார். அதற்குள் கன்ட்ரோலரின் பார்வை திரையில் அடுத்த விமானத்துக்குப் போயிருக்கும். காதில் 33 விழுந்தாலும், தான் சொன்ன 31-ஐத்தான் மனம் கேட்டுக்கொள்ளும். அறிவோ அனுபவமோ குறைந்தவர்களுக்குத்தான் இது நேரும் என்பதில்லை. எதிர்பார்த்த பதிலையே கேட்பது மனித இயல்பு. ஐப்பசி, கார்த்திகையில் குமரிமுனைப் பக்கம் இடிமேகங்கள் எழும்பும்போது நிலைமை இன்னும் கடினமாகும். நம் தலைக்கு மேலுள்ள வான்வெளி சென்னை வான்தகவல் மண்டலத்தை, அதாவது சென்னையின் பொறுப்பில் உள்ள வான்பரப்பைச் சேர்ந்தது. கொழும்பு, மாலே மண்டலங்கள் அருகிலேயே இருக்கின்றன. மேகத்தைத் தவிர்க்க ஒருவர் இடப்பக்கமும் மற்றொருவர் வலப்பக்கமும் விலக அனுமதி கேட்பார்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அலைவரிசையில் கீச்சொலிதான் மிஞ்சும். ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்கள் ஓர் இலக்கம் மட்டும் மாறிய கால் சைனுடன் (வானொலியில் விமானத்தை அழைக்கும் பெயர்) அதே அலைவரிசையில் இருந்துவிட்டால், ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் ஏற்றுக்கொள்ளும் அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

என் பார்வையில், இதைவிடக் கவனம் கேட்பது ஷிப்ட் மாறும் நேரமும், ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் இடையே சொல்லப்படாமல் விடுபடும் செய்தியும். 2022 ஜனவரியில் பெங்களூரு விமான நிலையத்தில் இரண்டு இணை ஓடுபாதைகளிலிருந்து இரண்டு விமானங்கள் ஒரே வேளையில் புறப்பட்டு, வானில் ஒன்றையொன்று நோக்கித் திரும்பின. ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துவது என்ற முடிவு எடுக்கப்பட்டிருந்தும், அது மற்ற ஓடுபாதையைக் கவனித்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளருக்குத் தெரிவிக்கப்படவில்லை. ரேடாரில் இதைக் கண்ட மற்றொரு கட்டுப்பாட்டாளர் உடனே இரண்டையும் விலக்கிவிட்டதால் ஆபத்து நீங்கியது. பொறுப்பை மாற்றிக்கொடுத்தவர் எழுந்தவுடன் போய்விடாமல், சில நிமிடங்கள் புதியவரின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான். திரையில் இரண்டு மூன்று விமானங்களே இருக்கும் அமைதியான வேளையில்தான் இந்தப் பழக்கம் முதலில் கைவிடப்படுகிறது.

2002 ஜூலை 1 இரவில் ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலும் போக்குவரத்துக் குறைவுதான். அந்த வான்பரப்பைக் கவனித்துவந்த சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் ஒருவர் ஓய்வுக்குப் போய்விட, மற்றவர் தனியாக இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்; பராமரிப்புப் பணியால் தொலைபேசி இணைப்பும் எச்சரிக்கை வசதியும் முழுமையாக இயங்கவில்லை. மோதலைத் தவிர்க்க விமானத்திலேயே இருக்கும் டிகாஸ் கருவி ரஷ்யப் பயணிகள் விமானத்தை ஏறச் சொன்னது. கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானிகள் இறங்கினார்கள். குறுக்கே வந்த சரக்கு விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். இதே முரண்பாடு 17 மாதங்களுக்கு முன்பே, 2001 ஜனவரி 31 அன்று, ஜப்பானில் தலைகாட்டியிருந்தது. பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் ஒரு விமானத்துக்குச் சொல்ல வேண்டியதை இன்னொன்றின் கால் சைன் சொல்லி உத்தரவிட்டுவிட, இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள் மிக அருகில் கடந்து சென்றன. கருவியும் கட்டுப்பாட்டாளரும் முரண்பட்டால் கருவியையே கேட்க வேண்டும் என்ற விதி, உபர்லிங்கனுக்குப் பிறகுதான் உலகெங்கும் ஐயத்துக்கு இடமின்றி உறுதியாக்கப்பட்டது.

ஜப்பான் நிகழ்வில் பயிற்சியில் இருந்தவரும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் குற்றவழக்கைச் சந்தித்தார்கள். கீழ் நீதிமன்றம் விடுவித்தும் மேல்முறையீட்டில் தண்டனை விதிக்கப்பட, 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. விபத்து விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளே கூறுகின்றன. சிறைக்கு அஞ்சுகிற ஊழியர், யாரும் கவனிக்காத நான்கு மைல் மீறலைத் தானாக எழுதிக்கொடுக்க மாட்டார். அப்படி மறைக்கப்படும் சிறு மீறல்களில்தான் அடுத்த பெரிய விபத்தின் காரணம் இருக்கிறது. வேண்டுமென்றே விதியை மீறியவரை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது வேறு வகை.

பயணிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிகாஸ் எச்சரித்தால் விமானி சில வினாடிகளுக்குள் ஏறவோ இறங்கவோ செய்ய வேண்டியிருக்கும். அதை முன்னறிவிக்க அவருக்கு நேரம் இருக்காது. அந்த ஜப்பானிய விமானங்களில் ஒன்றில் பானம் பரிமாறிக்கொண்டிருந்த பணியாளர்களும் பெல்ட் போடாதிருந்த பயணிகளும் தூக்கியெறியப்பட்டு, ஏறத்தாழ 100 பேர் காயமடைந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஏறி பெல்ட் விளக்கு அணைந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, துபாயில் இறங்கும்வரை அதைத் தொடாமல் இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விளக்கு அணைந்திருந்தாலும், உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் பெல்ட்டைத் தளர்வாகவேனும் போட்டுக்கொண்டிருங்கள். மடியில் பிள்ளையை வைத்திருப்பவர்கள் அதற்கென உள்ள தனி பெல்ட்டைப் பணியாளரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.