மூடி பொருந்தாத பன்னி சௌ

“வெட்டியாச்சு. ரேடியேஷனும் வெச்சாச்சு. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு மாத்திரை எதுக்கு, டீச்சர்?”

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அக்கா கேட்டார். எங்கள் வகுப்பிலேயே மூத்த மாணவி அவர்தான், வயது 58. பாட்டி பேசிக் கேட்ட தமிழை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொள்ள வருகிறார். கைப்பையிலிருந்து ஒரு காலி மார்ஜரின் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே மார்பகப் புற்றுநோய் என்று சொன்ன, நாலாக மடித்த பயாப்ஸி ரிப்போர்ட், டாக்டர் கிறுக்கிக் கொடுத்த துண்டுத்தாள், அவர் தினமும் போடும் மாத்திரை அட்டை ஒன்று. துண்டுத்தாளில் இரண்டு பெயர்கள்: டாமாக்ஸிஃபென், லெட்ரோசோல். இரண்டில் எது என்று யோசித்து அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள், டாக்டர் இல்லை. இதைப் போடு, அதை விடு என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் ‘எதுக்கு’ என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சும்மா இருக்கவும் முடியாது. அடுக்கிய நாற்காலிகளில் இரண்டை மறுபடி இறக்கிப் போட்டோம்.

அறுவை சிகிச்சை என்பது கண்ணுக்கும் விரலுக்கும் தெரிவதை எடுப்பது. அக்காவுக்குக் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் எடுத்தார்கள். அக்குளில் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுக்களை எடுத்துப் பார்த்ததில் அவை சுத்தம். கட்டி சிறியது, கீமோ வேண்டாம் என்றார்கள். மிச்ச மார்பகத்தில் ஏதாவது ஒளிந்திருந்தால் அதற்குத்தான் ரேடியேஷன். என் ஊரான திருநெல்வேலிப் பக்கம் இதைக் ‘கரன்ட் வைக்கிறது’ என்பார்கள். உடம்பில் கரன்ட் எதுவும் பாய்வதில்லை. கருவிக்குள் எலக்ட்ரான்களை நுண்ணலைகளால் ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்குத் தள்ளி ஒரு டங்ஸ்டன் தகட்டில் மோத விடுகிறார்கள். அங்கே பிறக்கும் எக்ஸ் கதிர்கள் செல்லுக்குள் போய் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் அறுக்கின்றன. நல்ல செல் அடுத்த நாளைக்குள் பெரும்பாலும் தைத்துக்கொள்கிறது. புற்றுச் செல்லுக்குத் தையல் வேலை அவ்வளவாக வராது. அதனால்தான் தவணை முறை. முன்பெல்லாம் ஐந்து வாரத்தில் 25 தவணை. பிரிட்டிஷ் ஆய்வுகள் மூன்று வாரத்தில் 15 போதும் என்று காட்டின. ஒரே வாரத்தில் ஐந்து தவணையாகக் கொடுத்தாலும் ஈடாகவே இருக்கிறது என்ற முடிவு 2020இல் வந்தது. அக்காவுக்கு 15.

இதில் இரண்டு விஷயம் அக்காவைப் பயமுறுத்தியிருந்தது. முதலாவது, பக்கத்து வீட்டுக்காரம்மா, “பேரனைத் தூக்காதே, உன் உடம்பிலிருந்து கதிர் வரும்” என்று சொல்லிவிட்டார். ஆறு வாரமாகப் பேரனைத் தூக்கவில்லை! கருவியை நிறுத்திய நொடியே கதிரும் நின்றுவிடும். விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சமிருக்குமா? உடம்புக்குள் கதிரியக்கப் பொருளை வைக்கும் சிகிச்சைகள் வேறு, அவற்றின் கட்டுப்பாடுகளும் வேறு. அக்காவுக்கு நடந்தது அதுவல்ல. நேர்த்திக்கடன், விரதம் பற்றியெல்லாம் நான் யாரிடமும் வாதாட மாட்டேன். ஆனால் ஒரு பாட்டியையும் பேரனையும் பிரித்து வைக்கும் மூடநம்பிக்கை மேல் எனக்குக் கோபம் வரும்.

இரண்டாவது, சிகிச்சை முடிந்த பிறகு தோல் இன்னும் மோசமாகச் சிவந்தது. அதுவும் சகஜம்தான். கதிர் அதிகம் பாதிப்பது தோலின் அடி அடுக்கில் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை. அங்கே உற்பத்தி குறைந்தது மேலே தெரியவரச் சில வாரங்கள் ஆகும். அதனால் கடைசித் தவணை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில்தான் எரிச்சல் உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்ல ஆறும். அசதி இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். கை தூக்கும் பயிற்சியை மட்டும் விடக் கூடாது. அக்கா சமையலறைச் சுவரில் விரலால் ஏறி, எட்டும் உயரத்தில் பென்சிலால் தினமும் ஒரு கோடு போட்டு வருகிறார்.

(இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் இதே ரேடியேஷனுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. வேலை செய்யும் கருவியும் போதவில்லை, நிபுணர்களும் போதவில்லை. மாகாண சுகாதாரத் துறை புற்றுநோயாளிகளின் உரிமையை மீறியது என்று 2017இல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையமே அறிக்கை கொடுத்தது. கருவி வாங்கினால் மட்டும் போதாது, பழுது பார்க்கவும் காசு ஒதுக்க வேண்டும். இதைச் சொல்ல ஆணையம் வேண்டியிருக்கிறது.)

சரி, மாத்திரைக்கு வருவோம். கத்தியும் கதிரும் அந்த இடத்தோடு சரி. கட்டியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஒன்றிரண்டு செல்கள் ரத்தத்தில் ஏறி எலும்பிலோ நுரையீரலிலோ போய்ப் படுத்திருக்கலாம். எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவுக்குச் சின்னவை அவை. இருக்கின்றனவா இல்லையா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இருந்தால் அவற்றுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான், உடம்பு முழுக்கச் சுற்றிவரும் ஒரு மருந்து.

அக்காவின் ரிப்போர்ட்டில் ‘ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ்’ என்று இருந்தது. மார்பகப் புற்றுநோய்களில் பத்துக்கு ஏழு இந்த வகைதான். இவற்றுக்கு வளரச் சொல்லி உத்தரவு கொடுப்பது ஈஸ்ட்ரோஜன். கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் 1896இலேயே சூலகத்தை எடுத்தால் சில பெண்களுக்கு மார்பகக் கட்டி சுருங்குவதை எழுதிவைத்தார். ஏன் என்று அவருக்குத் தெரியாது, ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குக் கொடுத்து அது எங்கே போகிறது என்று துரத்தினார். கருப்பையில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள அங்கே ஏதோ இருக்கிறது. அதுதான் ஏற்பி.

இனி வருவதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்த ஏற்பி 595 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரும் பகுதி மட்டும் பன்னிரண்டு சின்னச் சுருள்களாக மடிந்து, நடுவில் ஒரு குழியோடு இருக்கும். டர்பன்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அது ஒரு பன்னி சௌ. கால் ரொட்டியின் நடுவைக் குடைந்து உள்ளே மட்டன் கறியை ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டித் துண்டை மேலே மூடியாக வைப்பார்கள் அல்லவா? கறிதான் ஈஸ்ட்ரோஜன். அந்த மூடி பன்னிரண்டாவது சுருள், சுமார் பத்து அமினோ அமிலம் நீளம்தான். ஈஸ்ட்ரோஜன் குழியில் கச்சிதமாக அடங்கும், மூடி மேலே அழகாகப் படியும்.

மூடி படிந்தால் இன்னொன்று நடக்கும். மூடியை ஒட்டி ரொட்டியின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் தயாராகும். கேரட் சம்பல் வைக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சம்பல், அதாவது உதவிப் புரதம், வந்து உட்கார்ந்தால்தான் தட்டு மேஜைக்குப் போகும். ஏற்பி டிஎன்ஏமேல் உட்கார்ந்து, ‘பிரி, பெருகு’ என்ற மரபணுக்களைத் தட்டி எழுப்பும்.

டாமாக்ஸிஃபெனும் அதே குழிக்குள்தான் போகிறது. அளவும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அதற்குப் பக்கவாட்டில் ஒரு வால் நீண்டிருக்கிறது. மட்டன் கறியில் ஒரு நீள எலும்பு குழிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதுபோல. இப்போது மூடியை வையுங்கள் பார்ப்போம். உட்காராது. எலும்பில் இடறிச் சறுக்கி, நேராகப் போய்ச் சம்பல் பள்ளத்திலேயே விழுந்து படுத்துக்கொள்ளும்! மூடியின் ஒரு பக்கம் உதவிப் புரதத்தின் சாயலிலேயே இருப்பதால் அந்தப் பள்ளத்தில் கனகச்சிதமாகப் பொருந்தியும் விடுகிறது. சம்பல் வருகிறது, இடம் இல்லை, திரும்பிப் போகிறது. ஏற்பியின் சொந்த மூடியாலேயே ஏற்பியின் வாயை அடைக்கிறது இந்த மருந்து. 1997இலும் 1998இலும் ஏற்பியைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் படம் எடுத்தபோதுதான் இது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் மருந்து பிறந்தது புற்றுநோய்க்காகவே அல்ல. 1962இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இதைச் செய்தார். கருத்தடை மாத்திரை ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். எலிகளுக்கு வேலை செய்தது. பெண்களுக்கோ, கேலியைப் பாருங்கள், கருமுட்டை வெளிவரத் தூண்டியது. அந்தத் திட்டத்தை நடத்திய ஆர்தர் வால்போலும், பின்னால் கிரெய்க் ஜோர்டானும் விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் அது மார்பகப் புற்றுநோய் மருந்தாகப் பிழைத்தது. 1973இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, விலையும் குறைவு. ‘எலி கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் எங்கே ஒட்டுகிறது’ என்ற ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு இன்றைக்கு ஒருவர் விண்ணப்பித்தால், இதனால் நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அக்காவின் துண்டுத்தாள்தான் லாபம்.

“அப்போ ரெண்டாவது பேர்?” என்றார் அக்கா.

லெட்ரோசோல் வேறு வழியில் போகிறது. அது ரொட்டிப் பக்கமே வராது, கறி சமைப்பதையே நிறுத்தும். மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஓய்ந்துவிடும், ஆனாலும் கொழுப்பிலும் தசையிலும் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி வேறு ஹார்மோன்களிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைச் செய்துகொண்டே இருக்கும். லெட்ரோசோல் அந்த நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. சூலகம் இன்னும் வேலை செய்யும் இளவயதுப் பெண்களுக்கு இது தனியாகப் போதாது.

எது நல்லது என்பதில் எண்கள் இருக்கின்றன. டாமாக்ஸிஃபெனை ஐந்து வருடம் போட்டால் மார்பகப் புற்றுநோயால் இறப்பது 15 வருடக் கணக்கில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பலன் தொடர்கிறது. மாதவிடாய் நின்றவர்களில் இரண்டு வகை மருந்தையும் ஒப்பிட்டு 2015இல் வந்த தொகுப்பில், பத்து வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் டாமாக்ஸிஃபென் குழுவில் நூற்றுக்கு 14.2, லெட்ரோசோல் வகையில் 12.1. கருப்பைப் புற்றுநோயும் 1.2இலிருந்து 0.4ஆகக் குறைவு. எலும்பு முறிவோ நேர்மாறு: ஐந்து வருடத்தில் 5.5க்குப் பதில் 8.2. மூட்டு வலியும் லெட்ரோசோலில் அதிகம்.

எலும்பு விஷயத்தில் அந்த மூடி மறுபடி வேடிக்கை காட்டுகிறது. மார்பகத்தில் வாயடைக்கும் டாமாக்ஸிஃபென், எலும்பிலும் கருப்பையிலும் ஓரளவு ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடக்கும். ஒவ்வொரு திசுவிலும் உதவிப் புரதங்களின் கலவை வேறு. கருப்பையில் அவை தாராளமாக இருப்பதால், பள்ளம் அடைபட்டிருந்தாலும் ஏற்பியின் மறுமுனையைப் பிடித்து வேலையை நடத்திவிடும். அதனால் மாதவிடாய் நின்றவர்களின் எலும்புக்கு லாபம், கருப்பைக்குச் சின்ன ஆபத்து. ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் சிறிது உண்டு. கால் வீங்கினாலோ, ரத்தப்போக்கு வந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அக்காவின் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர். அப்போ டாமாக்ஸிஃபென்தானா? அவசரப்படக் கூடாது. டப்பாவில் இருந்த அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஃப்ளூஆக்ஸிடின். கணவர் போனதிலிருந்து மனச்சோர்வுக்குப் போடுகிறாராம். டாமாக்ஸிஃபென் அப்படியே பெரிதாக வேலை செய்யாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை எண்டாக்ஸிஃபெனாக மாற்ற வேண்டும், ஏற்பியை இறுகப் பிடிப்பது அதுதான். ஃப்ளூஆக்ஸிடின் அந்த நொதியை முடக்குகிறது. அதற்காக மனச்சோர்வு மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. நொதியைத் தொடாத வேறு மாத்திரைகள் இருக்கின்றன, மாற்ற முடியுமா என்று டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். டாக்டருக்கு இந்த மாத்திரை பற்றித் தெரியுமா என்றேன். “அது வேற கிளினிக்ல குடுத்தது, டீச்சர். இவங்க கேக்கல, நான் சொல்லல.”

மஞ்சள் காப்ஸ்யூலும் போடுகிறாராம், மிளகுச் சத்து சேர்த்தது. 2019இல் ராட்டர்டாமில் ஒரு சின்ன ஆய்வு: அப்படிப்பட்ட காப்ஸ்யூலோடு டாமாக்ஸிஃபென் எடுத்த பெண்களின் ரத்தத்தில் எண்டாக்ஸிஃபென் குறைந்திருந்தது. அது காப்ஸ்யூல் அளவில் நடந்தது, கறியில் போடும் மஞ்சள் அல்ல. “கறியை விடச் சொல்லலையே?” என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது மார்ஜரின் டப்பாவில் புதுத் தாள் ஒன்று இருந்தது, தமிழில், பெரிய பெரிய எழுத்தில். முதலில் எலும்பு அடர்த்தி ஸ்கேன். அப்புறம் மனச்சோர்வு மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும். லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாவிட்டால் நடுவில் மாறலாமா? ‘ஸ்கேன்’ என்பதில் மட்டும் ‘ன்’னுக்குப் பதில் ‘ண்’. நான் திருத்தவில்லை.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருக்கிறாராம். சுவரில் பென்சில் கோடு ஸ்விட்சுக்கு மேலே ஒரு சாண் ஏறிவிட்டது, குடத்தைப் பிடிக்க அது போதுமா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? டப்பாவை மூடித் தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வகுப்பின் நடுவில் நின்றார். வலது முழங்கை நன்றாக விரிந்தது. இடது முழங்கை இன்னும் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.