படத்தில் உள்ள பூவும் பருவத்தில் உள்ள பூவும்

திருமண அலங்காரம் பற்றிப் பேச வருகிறவர்களில் பெரும்பாலோர் கைபேசியில் ஒரு படத்தோடு வருகிறார்கள். அந்தப் படம் எந்த மாதத்தில், எந்த நிலப்பகுதியில் எடுக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் பியோனியாக இருக்கும். கடுங்குளிரில் உறங்கிக் கிடக்கும் கிழங்கிலிருந்து துளிர்த்து, குளிர் விலகிய பிறகு ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே பூக்கும் செடி அது. திருமணம் அந்தச் சில வாரங்களுக்கு வெளியே வந்தால், பூ பூமியின் மறுபாதியிலிருந்து விமானத்தில் வர வேண்டும். எனவே நான் முதலில் கேட்பது படத்தை அல்ல, தேதியை. தேதி தெரிந்தால் அப்போது பக்கத்து வயல்களில் என்ன பூத்திருக்கும் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

இந்தப் பழக்கம் எனக்கு ஓர் இழப்பின் வழியாக வந்தது. தொழிலின் தொடக்க ஆண்டுகளில், வெகுதொலைவிலிருந்து வரவழைத்த கார்னேஷன்களை நம்பி ஒரு திருமணத்தை முழுவதுமாகத் திட்டமிட்டிருந்தேன். முந்தைய நாள் மாலை பெட்டிகளைத் திறந்தபோது, இதழ்கள் உட்புறம் சுருண்டு, பூக்கள் அனைத்தும் கண்மூடியதுபோல் இருந்தன. பூ தூங்கிவிட்டது என்று தொழிலில் சொல்வார்கள். பழுக்கும் கனிகளிலிருந்தும் வாகனப் புகையிலிருந்தும் வெளியாகும் எத்திலீன் என்ற வாயு, மூடிய இடத்தில் சிறிதளவு தேங்கினாலே கார்னேஷன் இப்படி ஆகிவிடும்; அந்தத் தூக்கத்திலிருந்து அது எழுவதில்லை. அன்றிரவு அருகிலிருந்த ஒரு பூ விவசாயியிடம் ஓடினேன். விடியலில் அவர் வெட்டிக் கொடுத்த ஜினியாவும் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும்தான் அந்த மேடையைக் காப்பாற்றின. மணமகளின் தாயார் அந்தப் பூக்களைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் அவை அந்த வீட்டார் கேட்ட பூக்கள் அல்ல என்பதையும் மறக்கவில்லை.

உள்ளூர்ப் பூ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் 2007-இல் ஓர் ஒப்பீட்டைச் செய்தது. பிரிட்டன் சந்தைக்காகக் கென்யாவில் வளர்த்து விமானத்தில் கொண்டுவந்த 12,000 ரோஜாத் தண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கிலோ கரியமில வாயு வெளியேறியது. பக்கத்து நாடான நெதர்லாந்தின் பசுமைக்குடில்களில் வளர்ந்த அதே எண்ணிக்கைக்கு ஏறத்தாழ 35,000 கிலோ. விமானத்தைவிடக் குளிர்காலத்தில் குடிலைச் சூடாக்கி, விளக்கேற்றி வைப்பதற்கு அதிக எரிபொருள் செலவானதே காரணம். ஆகவே பூ எங்கே வளர்ந்தது என்ற கேள்வியோடு, அந்த மாதத்தில் அது வெயிலையும் மண்ணையும் கொண்டு தானாகப் பூத்ததா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால்தான் அது நாம் தேடும் பூ.

செவ்வந்தியை எடுத்துக்கொள்வோம். பகலும் இரவும் எவ்வளவு நீளம் என்பதே பல செடிகளின் பூக்கும் காலத்தை முடிவு செய்கிறது என்று கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் 1920-இல் எடுத்துக்காட்டினார்கள். செவ்வந்தி இரவு நீளும்போது மொட்டு விடும் செடி. இன்று ஆண்டு முழுவதும் அது கிடைக்கிறது என்றால், எங்கோ ஒரு குடிலில் கறுப்புத் துணி போர்த்திச் செயற்கையாக இரவை நீட்டுகிறார்கள், அல்லது விளக்கெரித்து இரவைக் குறைக்கிறார்கள் என்று பொருள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லா மாதமும் கிடைக்கும் பூவுக்குப் பருவமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பருவத்தோடு ஒத்துப்போவது என்றால் கிடைத்ததை வாங்கிக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், போதிய அவகாசம் இருந்தால் திருமணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த வீட்டாருக்காகவே பூவை விதைக்கச் சொல்லலாம். வெப்பம் போதுமான காலத்தில் ஜினியா விதைத்த இரண்டு முதல் இரண்டரை மாதத்தில் வெட்டுக்கு வரும். ஒற்றைத் தண்டுச் சூரியகாந்தி ஏறக்குறைய இரண்டு மாதம். கிளாடியோலஸ் கிழங்கு நட்டபின் 70 முதல் 90 நாள். நான்கைந்து மாதங்களுக்கு முன்பே பேச வருகிறவர்களுக்கு விவசாயியை நேரில் அறிமுகப்படுத்துகிறேன். மழை, வெப்பம், பூச்சி எதுவும் கணக்கைக் கலைக்கும் என்பதால், ஒரு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை விதைக்கும்படி அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். தன் பாத்தியில் வளர்வது யாருடைய திருமணத்துக்கு என்று தெரிந்த விவசாயி காட்டும் அக்கறை வேறு விதமானது.

அருகில் வளர்ந்த பூவின் மிகப் பெரிய நன்மை, அதைச் சரியான நிலையில் வெட்ட முடிகிறது என்பதே. டேலியா வெட்டியபின் அதிகம் விரியாது. ஏறக்குறைய முழுமையாக மலர்ந்த நிலையில்தான் வெட்ட வேண்டும், அந்த நிலையில் நீண்ட பயணத்தை அதன் இதழ்கள் தாங்காது. ஜினியாவில் பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம், தலை துவண்டு ஆடினால் இன்னும் சில நாள் விட வேண்டும். கிளாடியோலஸ் இதற்கு மாறாக, அடி மொட்டுகள் நிறம் காட்டத் தொடங்கியதும் வெட்டப்பட்டு, மேடைக்கு வந்தபின் ஒவ்வொன்றாக விரியும். ஆனால் படுக்கவைத்து எடுத்துச் சென்றால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். எந்தப் பூவானாலும் அதிகாலையில் வெட்டி, நீருக்குள் மூழ்கும் இலைகளைக் களைந்து, சுத்தமான வாளியில் நிழலான இடத்தில் சில மணி நேரம் நீர் குடிக்க விட்ட பிறகே அலங்காரத்தில் கைவைக்கிறேன்.

மணம் இன்னொரு காரணம். நெடுந்தூரம் தாங்கவும் நீண்ட நாள் நிற்கவும் என்று தேர்ந்து உருவாக்கப்பட்ட ரோஜா வகைகளில் பல, மணத்தை இழந்துவிட்டன. மண்டபத்தில் ஆயிரம் ரோஜா இருந்தும் காற்றில் எதுவும் இல்லாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

பூவைத் தாங்கி நிற்கும் பொருளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பூத்தண்டுகளைக் குத்தி நிறுத்தப் பயன்படும், 1954-இல் அமெரிக்காவில் அறிமுகமான பச்சை நிற ஃபோம், ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினால் ஆனது. மக்காது, பொடிந்து நுண்பிளாஸ்டிக் ஆகும். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் 2021 முதல் அதை அனுமதிப்பதில்லை. சுருட்டிய கோழிவலை, ஊசித் தட்டு, நீர் நிறைந்த பாத்திரம் ஆகியவை அதே வேலையைச் செய்கின்றன. திருமணம் முடிந்ததும் பூ நேராக உரக்குழிக்குப் போகலாம். வண்ணம் தெளித்த பூவும் மினுமினுப்புத் தூள் தூவிய பூவும் அங்கே போகக் கூடாது.

உள்ளூர் வயல் என்பதாலேயே மருந்து தெளிக்கவில்லை என்று கொள்ள முடியாது. பெல்ஜியத்தில் பூ அலங்காரத் தொழிலாளர்கள் வேலையில் அணிந்த கையுறைகளைச் சோதித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சி, பூஞ்சைக் கொல்லிகளின் எச்சம் கிடைத்தது. நாள் முழுவதும் பூவைத் தொடும் எங்களுக்கு இது உடல்நலப் பிரச்சினை. விவசாயியிடம் நேரடியாக வாங்கும்போது எப்போது, எதைத் தெளித்தார் என்று கேட்க முடிகிறது என்பதே வேறுபாடு. உணவு மேசையில் வைக்கும் பூவுக்கு இந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேரும்: அரளியும் செங்காந்தளும் எவ்வளவு அழகானாலும் நஞ்சுள்ளவை, உணவின் அருகே அவற்றுக்கு இடமில்லை.

செலவு எப்போதும் குறையும் என்று நான் வாக்களிப்பதில்லை. சிறு வயலில் கையால் வளர்த்ததற்கு உரிய விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போது பூவின் பெயரை எழுதாமல், நிறம், உயரம், பூவின் உருவளவு, மணம் வேண்டுமா வேண்டாமா என்பவற்றை எழுதுகிறோம். எந்தப் பூ என்பது திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு நானும் விவசாயியும் வயலில் நடந்து பார்த்த பிறகு முடிவாகும். அந்த நடைக்கு மணமக்களையும் அழைக்கிறேன்.