ஊட்டி வீட்டுக்குச் சின்ன வாஷிங் மெஷினா? முதலில் பிழியும் வேகத்தைப் பாருங்கள்

ஊட்டியில் ஜூலை மாதம் துணி துவைப்பது பெரிய பாடு இல்லை, காயவைப்பதுதான் பாடு. மூன்று நாளாகக் கொடியில் கிடக்கும் ஜீன்ஸைத் தொட்டுப் பார்த்தால் இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும் இன்னும் சில்லென்று இருக்கும், முகர்ந்தால் ஊசிப்போன வாடை வேறு. ஈரத்திலேயே கிடக்கும் துணியில் மொராக்செல்லா என்ற பாக்டீரியா பெருகுவதுதான் அந்த வாடைக்கு முக்கியக் காரணம். அதனால் ஒற்றை அறை வீட்டுக்கோ எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லயன் வீட்டுக்கோ எந்த மெஷின் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: எத்தனை கிலோ துவைக்கும் என்பதை அப்புறம் பாருங்கள், எத்தனை ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் பிழியும் என்று முதலில் பாருங்கள்.

மலைக் காற்றுதான் காரணம். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்த 9 கிராமும் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று அர்த்தம், துணியின் ஈரம் போய்ச் சேர இடமே கிடையாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும், கரண்ட் கணக்கில் கிட்டத்தட்ட 0.68 யூனிட். வெயிலோ காற்றோ ஹீட்டரோ, ஏதோ ஒன்று அதைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் துணியைச் சுற்றிப் பிழியும் 150 வாட் மோட்டார் ஒன்று 5 நிமிடம் சுற்றினால் ஆகும் செலவு 0.0125 யூனிட். அந்த 5 நிமிடத்தில் ஒரு லிட்டர் வெளியேறினால், ஆவியாக்குவதில் ஐம்பதில் ஒரு பங்கைவிடக் குறைவாகத்தான் செலவழித்திருக்கிறோம், ஏனென்றால் தண்ணீர் தண்ணீராகவே போகிறது.

துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இரண்டு உள்ள ட்வின் டப் மெஷினில் இந்தப் பிழியும் வேலையைச் செய்யும் சின்னத் தொட்டியை நாம் டிரையர் என்கிறோம், உள்ளே சூடு எதுவும் கிடையாது. தொட்டி சுற்றும்போது துணி நேராக ஓடப் பார்க்கும், சுவர் அதை வளைத்து வட்டத்திலேயே வைத்திருக்கும். தண்ணீருக்கு எதிரே சுவரில் ஓட்டை இருப்பதால் அது தப்பித்துப் போய்விடுகிறது. இந்த விசை தொட்டியின் ஆரத்தோடு நேராகக் கூடும், வேகத்தோடு இருமடியாகக் கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. சின்ன மெஷினுக்குச் சாதகம் இங்கேதான். 11 செ.மீ. ஆரமுள்ள டிரையர் 1350 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் புவியீர்ப்பைப் போலச் சுமார் 220 மடங்கு விசை கிடைக்கும். 23 செ.மீ. ஆரமுள்ள டாப் லோடு மெஷின் 700 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் 125 மடங்குதான்! 1200 ஆர்.பி.எம். ஃபிரன்ட் லோடு இரண்டையும் மிஞ்சும், மறுக்கவில்லை, ஆனால் ஆட்டத்தை அடக்க உள்ளே கனமான எடைக்கட்டி வைத்திருப்பதால் அது பெரும்பாலும் 60 கிலோ அளவுக்குக் கனக்கும். ரோட்டிலிருந்து நாற்பது படி இறங்கிப் போகும் வீட்டுக்கு அதைத் தூக்கிச் செல்வதை நினைத்துப் பாருங்கள். குழாயில் பிரஷரும் வேண்டும், ட்வின் டப்புக்குக் குடத்தில் மொண்டு ஊற்றினாலே போதும்.

ஒரே தொட்டிக்குள் கூடையைப் பொருத்திப் பிழியும் மினி மெஷின்கள் விலை குறைவு, இடமும் அடைக்காது, ஆனால் கூடை மெதுவாகச் சுற்றினால் நம் ஊருக்குப் பயனில்லை, ஆர்.பி.எம். கேட்காமல் வாங்காதீர்கள்.

துவைக்கும் பக்கம் எளிமையானது. அடியில் இருக்கும் பல்சேட்டர் தட்டு இடமும் வலமுமாகத் திரும்பித் தண்ணீரைக் கலக்கும், துணி ஒன்றோடொன்று உரசி அழுக்கு விடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கும் நமக்குத் தெரியாததா, சட்டைக் காலரிலும் தலையணை உறையிலும் அதேதான் நடக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால்தான் போகும்.

அலசுவதற்கு முன்பே ஒருமுறை டிரையரில் பிழிந்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் பெரும்பாலும் அப்போதே போய்விடும், இரண்டு அலசல் ஒன்றாகக் குறையும். கோடையில் தண்ணீருக்குத் திண்டாடும் குன்னூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் சுற்றினாலும் பருத்தி முழுதாகக் காயாது. இழைகளுக்கு இடையே உள்ள தண்ணீர் வந்துவிடும், இழைக்குள்ளேயே ஊறியது வராது. அதனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டுவதில் பெரிய லாபமில்லை. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, டிரையரிலிருந்து எடுக்கும்போதே பாதி காய்ந்த மாதிரி இருக்கும். துணியைச் சுற்றிலும் சமமாக அடுக்கி, மேலே டிரையரின் உள்தட்டை வைத்து அமுக்குங்கள். தடதடவென்று ஆடினால் ஒரு பக்கம் பாரம் கூடிவிட்டது, நிறுத்தி மாற்றி அடுக்குங்கள். தொட்டி முழுதாக நிற்கும் வரை உள்ளே கை விடவே கூடாது.

ஸ்வெட்டரையும் கம்பளிக் குல்லாவையும் மட்டும் பல்சேட்டரில் போடாதீர்கள். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு, உரசினால் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கிவிடும். கையால் அலசி, பழைய தலையணை உறைக்குள் மடித்து வைத்து, டிரையரில் ஒரு நிமிடம் மட்டும் சுற்றுங்கள். பிறகு கொடியில் தொங்கவிடாமல் ஒரு துண்டின் மேல் பரப்பிப் போடுங்கள்.