காப்பீட்டு அட்டை: களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் மார்த்தாண்டம், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம், பெரிய நோய் என்று தெரிந்ததும் வீட்டார் வாயில் முதலில் வரும் ஊர் திருவனந்தபுரம். மெடிக்கல் காலேஜ், புற்றுநோய்க்கு ஆர்.சி.சி., இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீசித்திரா என்று எல்லாம் பஸ் தூரத்தில் இருக்கின்றன. 1956-இல் எல்லைக்கோடு போட்ட பிறகும் இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. போகிறவர்களின் பையில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் இருக்கும். அது அங்கே செல்லுமா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் அட்மிஷன் கவுண்டருக்கு முன்னால் நிற்கும்போதுதான் எழுகிறது.

செல்லலாம், செல்லாமலும் போகலாம். காரணம், ஒரே அட்டைக்குப் பின்னால் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. மத்திய அரசு 2018 செப்டம்பர் 23-இல் பிரதமரின் ஜன ஆரோக்கியத் திட்டத்தைத் தொடங்கியபோது, தமிழ்நாடு தன் திட்டத்தை அதனுடன் இணைத்துக்கொண்டது. இரண்டிலும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். தலைக்கு 5 லட்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மொத்தக் குடும்பத்துக்குமான தொகை.

2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து எடுத்த மத்திய பட்டியலில் உங்கள் குடும்பம் இருந்தால், மாநில எல்லையைத் தாண்டியும் சிகிச்சை பெற முடியும். வருமானச் சான்று கொடுத்து மாநிலத் திட்டத்தில் மட்டும் சேர்ந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. எந்தப் பட்டியல் என்று தெரிந்துகொள்ள, குடும்ப அட்டையுடன் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் கேளுங்கள். அல்லது 1800 425 3993, 14555 ஆகிய கட்டணமில்லா எண்களில் கேளுங்கள். மத்திய பட்டியலில் இருந்தாலும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. போகிற மருத்துவமனை, குறிப்பாக உங்களுக்குத் தேவையான அந்தச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேரளத்தில் இதே திட்டம் 'காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி' என்ற பெயரில் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீடு எங்கே என்று அங்கே கேட்டால் கையை விரிப்பார்கள். காருண்ய கவுண்டர் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

மாநிலத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000. உயர்த்தியது நல்லதுதான், ஆனாலும் போதாது. ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒருவரும் முந்திரி ஆலைக்குப் போகும் ஒருவரும் இருக்கிற வீட்டில் மாத வருமானம் பத்தாயிரத்தைத் தாண்டாது என்று எழுதுவதற்குக் கிராம நிர்வாக அலுவலருக்கும் கொஞ்சம் மனம் வேண்டும். இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது.

அட்டை இருந்தும் சிக்கிக்கொள்கிறவர்கள் பலர் குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவர்கள். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே கிடக்கும். குழந்தையின் பெயரை இன்னும் சேர்த்திருக்க மாட்டார்கள். மாநில விதிப்படி, பிள்ளைகள் 25 வயது வரை, அல்லது வேலையோ திருமணமோ ஆகும் வரை, எது முந்தியோ அதுவரைதான் குடும்பக் கணக்கில் வருவார்கள்.

இனி மருத்துவமனைக்குள். குளச்சலில் கடல் தொழில் செய்யும் ஒருவருக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டுப் பிரிவில் உள்ள ஊழியர் குடும்ப அட்டை, ஆதார், ஆஞ்சியோகிராம் முடிவு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி முன் அனுமதி கேட்பார். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர்கள் பார்த்து அனுமதி கொடுப்பார்கள். அவசரம் என்றால் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அனுமதி கேட்கவும் வழி உண்டு. அனுமதி கிடைக்கும் தொகை 'பேக்கேஜ்'. படுக்கை, டாக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை, குழாய் அடைபடாமல் உள்ளே வைக்கும் ஸ்டென்ட் எல்லாம் அதற்குள் அடக்கம். மத்திய திட்ட விதிகளின்படி மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் செலவும் அதிலேயே வரும். 'நல்ல ஸ்டென்ட் வேண்டுமானால் கொஞ்சம் மேலே கட்ட வேண்டியிருக்கும்' என்று யாராவது மெதுவாகச் சொன்னால், எதற்கு எவ்வளவு என்று ரசீதாகக் கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் மேலே சொன்ன எண்களில் புகார் செய்யலாம். வெளிநோயாளியாகப் பார்க்கும் சாதாரணக் காய்ச்சல், சளி இதில் வராது.

இந்த ஏற்பாடு மருத்துவமனைகளையும் மாற்றிவிட்டது. முன்பு விலை என்பது நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான விஷயம். இப்போது அரசும் காப்பீட்டு நிறுவனமும் மருத்துவமனையின் தரநிலையைப் பார்த்து விலை வைக்கின்றன. 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி, தமிழ்நாடு அரசு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாயை யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்குப் பிரீமியமாகக் கட்டுகிறது. நாம் ஒரு பைசாவும் கட்டுவதில்லை. தனியார் மருத்துவமனைகளின் குறை, பேக்கேஜ் தொகை செலவுக்கு ஈடாகவில்லை, கொடுக்கிற பணமும் தாமதமாக வருகிறது என்பது. அதில் நியாயம் இருக்கிறது. டாக்டர் தம்பதி நடத்தும் சிறிய நர்சிங் ஹோமுக்கு இந்தக் காகித வேலைக்கென்று தனி ஆள் வைப்பதே பாரம். ஆனால் கட்டுப்படியாகும் அறுவைச் சிகிச்சைகளை எடுத்துக்கொண்டு, நாள்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டிய நோயாளியை 'ஆசாரிப்பள்ளம் போங்கள்' என்று அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு அந்த நியாயம் போதாது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எப்படியும் இலவசம்தானே, அங்கே எதற்கு அட்டை கேட்கிறார்கள் என்று பலர் முகம் சுளிப்பதுண்டு. அரசு மருத்துவமனை செய்யும் சிகிச்சைக்கும் காப்பீட்டுப் பணம் வருகிறது. கருவிகள் வாங்கவும், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை தரவும் அது பயன்படுகிறது. ஒரு பங்கு, உறுப்பு மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கான மாநிலத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. உங்கள் 5 லட்சத்தில் அந்தத் தொகை கழியும் என்பது உண்மை. இருந்தாலும் கொடுப்பதே நல்லது என்பேன். தவிர, சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள்.

சாலை விபத்துக்கு இந்த அட்டையே வேண்டாம். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும், கேரள வண்டியில் வந்தவருக்கும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அது 108 ஆம்புலன்ஸ்காரருக்குத் தெரியும்.

எழுபது வயது கடந்தவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29-இல் 'வய வந்தனா' அட்டையைத் தொடங்கியது. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகள் நிறைந்த மாவட்டம் இது என்பதால் கேள்விகள் நிறைய வருகின்றன. குடும்பம் ஏற்கெனவே மத்திய திட்டத்தில் இருந்தால், முதியவருக்கு அதற்கு மேல் தனியாக 5 லட்சம். அதை வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்த முடியாது. தனியார் காப்பீடு, தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. இருப்பது தடையில்லை. முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வயதுக்கு ஆதாரைத்தான் பார்க்கிறார்கள். ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு, பிறகு அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.